களரா, உவரா? கோதுமை வயலுக்கு ஜிப்சம் வாங்கும் முன் மண்வள அட்டையில் பார்க்க வேண்டியவை

மண்வள அட்டைத் திட்டத்தை மத்திய அரசு 2015 பிப்ரவரியில் ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கியது. இத்திட்டத்தில் எடுக்கும் மண் மாதிரிக்கு விவசாயி கட்டணம் கட்ட வேண்டியதில்லை. தழை, மணி, சாம்பல் சத்தில் தொடங்கி நுண்ணூட்டம் வரை 12 அளவீடுகள் அட்டையில் இருக்கும். பெரும்பாலோர் உரப் பரிந்துரையை மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். உப்பு நிலக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது கார அமில நிலை (pH), மண்ணில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்தும் திறன் (EC) என்ற இரண்டு வரிகளைத்தான்.

கார அமில நிலை 8.5-ஐத் தாண்டி, மின் கடத்தும் திறன் குறைவாகவே இருந்தால் களர் நிலமாக இருக்கலாம். மண்ணில் சோடியம் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீர் இறங்காது, மேல்மண் இறுகி, கோதுமை முளை மேலே வரத் திணறும். இதற்கு மருந்து ஜிப்சம். அதிலுள்ள கால்சியம் சோடியத்தை விலக்கிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கும். மின் கடத்தும் திறன் மட்டும் அதிகமென்றால் அது உவர் நிலம். அங்கே ஜிப்சத்துக்குச் செலவழிப்பது வீண். வடிகால் வெட்டி, நல்ல தண்ணீர் கட்டி உப்பைக் கழுவி இறக்க வேண்டும். இந்தியாவில் உப்பு பாதித்த நிலம் சுமார் 67 லட்சம் ஹெக்டேர். அதில் பாதிக்கு மேல் களர்.

அட்டையில் ஒரு குறை உண்டு. முதல் சுற்றுகளில் பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேர் கட்டத்துக்கு ஒரு மாதிரி என்று எடுத்தார்கள். களரோ திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். அதனால் பயிர் கருகும் திட்டிலிருந்து தனியாக 15 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்து, 'ஜிப்சம் தேவை' எவ்வளவு என்று ஆய்வகத்தில் கேட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். அட்டையின் 12 அளவீடுகளில் அது கிடையாது. எத்தனை டன் என்பதை அந்த எண்தான் சொல்லும். மோசமான களருக்கு ஹெக்டேருக்கு 10 முதல் 15 டன் வரை போகும்.

சரி, ஜிப்சம் எங்கே கிடைக்கும்? மானியம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஹரியானாவில் இதற்கென்றே 1974 முதல் நில மீட்பு, மேம்பாட்டுக் கழகம் இருக்கிறது. மற்ற இடங்களில் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கேட்கலாம். மானிய மூட்டை வந்துவிட்டதே என்று உடனே கொட்டிவிடாதீர்கள். முதலில் வரப்பு உயர்த்தி, நிலத்தைச் சமன் செய்ய வேண்டும். பிறகு மேல் 10 செ.மீ. மண்ணில் மட்டும் ஜிப்சத்தைக் கலந்து, ஒன்றிரண்டு வாரம் தண்ணீர் தேக்கிவைக்க வேண்டும். ஆழமாக உழுது புதைத்தால் பலன் குறையும்.

அப்புறம் நேரே கோதுமைக்குப் போகவேண்டாம். கர்னாலில் 1969 முதல் இயங்கும் மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிறுவனத்தின் வழிமுறைப்படி, முதல் பயிர் நெல். தேங்கிய தண்ணீரைத் தாங்குவதோடு, நெல் வேர் மண் திருந்தவும் உதவும். அதனால் ஆய்வகம் சொன்ன 'ஜிப்சம் தேவை' அளவில் பாதியே போதும் என்பது அவர்கள் கண்டது. அதற்கடுத்த பருவத்தில் கோதுமை. அதே நிறுவனம் வெளியிட்ட கே.ஆர்.எல். 210 போன்ற உப்பு தாங்கும் ரகம் நல்லது. தண்ணீரை ஒரேயடியாகக் கட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பாய்ச்சுங்கள்.