வலிப்பு மாத்திரையும் இடுப்பு எலும்பும்

வலிப்பு வந்து ஓய்ந்த பாட்டி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் கிடக்கிறார். நினைவு முழுசாகத் தெளியவில்லை. எங்கே வலிக்கிறது என்று அவரால் சொல்ல முடியாது, காலைப் பாருங்கள். ஒரு கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பில் எலும்பு முறிந்திருக்கலாம். தயவுசெய்து எழுப்பி நடக்கவைத்துப் பார்க்காதீர்கள்.

முதுமையில் எலும்பு தேய்வது தெரிந்ததுதான். வலிப்பு உள்ளவர்களுக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. 1938 முதல் வலிப்புக்குத் தரப்படும் ஃபெனிடாயின், அதைவிடப் பழைய ஃபீனோபார்பிட்டால், அப்புறம் கார்பமசெபைன், இவை கல்லீரல் நொதிகளை முடுக்கிவிடுகின்றன. அந்த நொதிகள் வைட்டமின் டி-யை வேகமாகச் சிதைக்கின்றன. அது குறைந்தால் குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது. உடம்பு எலும்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடுத்த வலிப்பு அடுத்த எலும்பை முறிக்கும்.

தொடை எலும்பின் கழுத்து, அதாவது மேல்முனைப் பந்துக்குக் கீழே ஒடுங்கிய பகுதி, முறிந்து விலகினால், இடுப்புக் குழியில் பொருந்தும் அந்தப் பந்துக்குப் போகும் ரத்தக்குழாய்கள் அறுந்துபோகலாம். அதனால் வயதானவர்களுக்குப் பெரும்பாலும் செயற்கைப் பந்து பொருத்துகிறார்கள். கழுத்துக்குக் கீழே முறிந்தால் உலோகக் கம்பியோ தகடோ வைத்து இணைப்பார்கள். புது மூட்டைச் சுற்றித் தசை ஆறுவதற்குள் வலிப்பு வந்தால், பந்து குழியிலிருந்து நழுவிவிடலாம்.

அதனால் அறுவை நாளில் ஒரு வேளை வலிப்பு மாத்திரைகூட முக்கியமாகிறது. அறுவைக்கு முன் "வாயில் எதுவும் கொடுக்காதீங்க" என்றதும் வீட்டார் வலிப்பு மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். பொதுவாக அதை ஒரு மடக்குத் தண்ணீரோடு கொடுக்கச் சொல்வார்கள். மயக்க மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். விழுங்க முடியாவிட்டால் ஃபெனிடாயின், லெவடிரசெட்டம் போன்றவற்றை ரத்தக்குழாயில் ஊசியாகத் தரலாம். வலிக்கு வழக்கமாகத் தரும் டிரமடால் வலிப்பைத் தூண்டக்கூடியது. எனவே வலிப்பு இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இடுப்புப் பகுதி நரம்பைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டால் வலி மருந்தும் குறைவாகவே தேவைப்படும்.

பிறகு எலும்பை வலுவாக்க ஜோலெட்ரானிக் அமில ஊசி போடலாம். ஆனால் வைட்டமின் டி-யும் கால்சியமும் சரியாக இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் ரத்தத்தில் கால்சியம் சரிந்து, அதுவே வலிப்பை வரவழைக்கலாம். கால்சியம் மாத்திரையை ஃபெனிடாயினோடு ஒரே நேரத்தில் விழுங்கவும் கூடாது. ஃபெனிடாயின் உடம்பில் சேர்வது குறையும். இரண்டுக்கும் நடுவே சில மணி நேரம் இடைவெளி விடுங்கள்.