மரவள்ளி மாவை ஒளியால் நிறுப்பது எப்படி?

ஆத்தூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மரவள்ளி மாவில் உள்ள ஒரு மூலக்கூறின் எடை கோடிக்கணக்கில் என்கிறார்களே, அதை எந்தத் தராசில் வைத்தார்கள்?" ஜவ்வரிசி ஆலைகள் நிறைந்த ஊரிலிருந்து வரவேண்டிய கேள்விதான். ஒளிதான் தராசு.

மாவுச்சத்து, குளுக்கோஸ் அலகுகள் கோத்த பாலிமர். ஹைட்ரஜன் அணுவின் எடையை ஏறக்குறைய 1 என்று வைத்தால், கோத்த ஓர் அலகின் எடை 162. அமைலோஸ் நீளச் சங்கிலி, அமைலோபெக்டின் கிளைவிட்ட மரம். மொத்தம் எத்தனை அலகுகள்? அதை ஒளி எப்படிச் சொல்லும்?

ஏற்காடு மலைப்பாதையில் ஏறிப் பாருங்கள். அடிவாரத்துக் காற்றிலும் நீராவி உண்டு, கண்ணுக்குத் தெரியாது. மேலே போகப் போகக் குளிர்ந்து அதே நீர் திவலைகளாகச் சேர்ந்ததும், எதிரே வரும் பஸ்ஸே தெரியாத அளவுக்கு வெள்ளை மூட்டம். நீர் கூடவில்லை, ஒன்றுசேர்ந்திருக்கிறது.

ஏன் அப்படி? ஒளி பட்டதும் மூலக்கூறின் எலக்ட்ரான்கள் அதன் தாளத்துக்கு ஆடி, நாலாபுறமும் கொஞ்சம் ஒளியை வீசுகின்றன. தனித்தனியாகத் திரியும் 100 அலகுகளின் அலைகள் தாளம் சேராதவை, கிடைப்பது 100 பங்கு ஒளி. அதே 100 அலகுகள் ஒரே சங்கிலியில் இருந்தால் சேர்ந்து ஆடும். அலையின் உயரம் 100 மடங்காகும். பிரகாசம் உயரத்தின் வர்க்கம் அல்லவா, எனவே 10,000 பங்கு! மாவின் அளவு அதேதான், வெளிச்சம் நூறு மடங்கு. (திவலைகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பெரியவை, அங்கே இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.) எத்தனை முறை போட்டாலும் எனக்குச் சலிக்காத கணக்கு இது. கரைசலின் செறிவும், செறிவு கூடக் கூட அதன் ஒளிவிலகல் எண் (ஒளியை வளைக்கும் அளவு) எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதும் தெரிந்தால், சிதறிய ஒளியிலிருந்து எடை வந்துவிடும்.

கூழ்மங்களின் ஒளிச்சிதறலைச் சவ்வூடு அழுத்தத்தோடு இணைத்து சி.வி. ராமன் 1927-லேயே எழுதினார். பாலிமர்களுக்கு இதை முறையாக்கியது 1944-இல் பீட்டர் டிபை. உடனடிப் பயனைக் காட்டினால்தான் ஆராய்ச்சிக்குப் பணம் என்பது தவறு என்று நான் நம்புவது இதனால்தான்.

சரி, அமைலோபெக்டின் போன்ற பெரிய மூலக்கூறில் இரு முனைகளின் அலைகளே தாளம் தவறும். நேர் முன்திசையில் மட்டும் தவறாது. ஆனால் அங்கே லேசர் கண்ணைப் பறிக்கும். ஆகவே பல கோணங்களிலும் பல செறிவுகளிலும் அளந்து, கோணமும் செறிவும் பூஜ்யமாகும் இடம் வரை வரைபடக் கோடுகளை நீட்டுகிறார்கள். இது 1948-இல் புரூனோ சிம் தந்த வழி. மூலக்கூறின் பருமனும் கூடவே கிடைக்கும்.

தூசிதான் பெரிய தொல்லை. ஒரு துகள் நுழைந்தாலும் அளவு கெட்டுவிடும். அப்புறம், ஜவ்வரிசிப் பாயசம் ஆறினால் இறுகுமே, அதுபோல நீரில் கரைந்த சங்கிலிகள் ஒன்றையொன்று கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டத்தை ஒளி ஒரே மூலக்கூறாக எண்ணிவிடும். அதனால்தான் பல ஆய்வகங்களில் நீருக்குப் பதில் டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற கரைப்பானில் மாவைக் கரைக்கிறார்கள்.