பாதியில் நின்ற எஞ்சின் கிட்: சால்டரிங் அயர்னைச் சூடாக்கும் முன்

பழைய மாடல் நீராவி ரயில் எஞ்சின் கிட் (மின்மோட்டாரில் ஓடும் வகை) ஒன்று பாதி கட்டிய நிலையில், செய்முறைத் தாள் இல்லாமல் கைக்கு வந்தால் எல்லோரும் தாளைத்தான் தேடுவார்கள். தாள் இல்லாதது சின்னக் குறை. முதலில் கட்டியவர் எதை, எதால், எவ்வளவு கோணலாக ஒட்டிவைத்தார் என்பதுதான் பெரிய தலைவலி.

பிரிட்டனின் ஓ-ஓ அளவில், அதாவது அடிக்கு 4 மி.மீ. கணக்கில், கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் 5700 வரிசை பேனியர் டேங்க் (கொதிகலனின் இருபுறமும் தண்ணீர்த் தொட்டி உள்ள) எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 1929 முதல் 1950 வரை 863 கட்டப்பட்ட வகை. வரைபடத்துக்கும் புகைப்படத்துக்கும் பஞ்சமில்லை. முன் அச்சிலிருந்து நடு அச்சு 7 அடி 3 அங்குலம், அங்கிருந்து பின் அச்சு 8 அடி 3 அங்குலம். நாலால் பெருக்கினால் 29, 33 மி.மீ. சக்கரம் 4 அடி 7½ அங்குலம், அதாவது 18.5 மி.மீ. இந்த மூன்று எண்கள் போதும், தாளில் பாதி கிடைத்த மாதிரி.

அடுத்து, இணைப்புகளைப் படியுங்கள். சாம்பல் நிறத்தில் பளபளக்கும் கோடு சால்டர் (உருக்கி ஒட்டும் உலோகம்). சுற்றிலும் வெண்பூச்சு படிந்திருந்தால் சூப்பர் க்ளூ. மஞ்சளாகத் தடித்திருந்தால் எபாக்சி. வெள்ளை உலோக (எளிதில் உருகும் கலப்புலோக) வார்ப்புகளை 70 டிகிரி சால்டரில் (70 டிகிரி செல்சியஸில் உருகுவது) ஒட்டியிருந்தால் கொதிநீரில் போட்டதும் கழன்றுவிடும். எபாக்சியும் பெரும்பாலும் இளகும். சூப்பர் க்ளூவுக்கு அசிட்டோன். ஆனால் பிளாஸ்டிக் பாகங்களைக் கழற்றிய பிறகே அதைத் தொடவேண்டும். 70 டிகிரி சால்டரில் ஈயம் இருக்கும், பல வகைகளில் காட்மியமும் இருக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், கையைக் கழுவுங்கள், அந்தப் பாத்திரத்தைச் சமையலறைக்குத் திருப்பி அனுப்பாதீர்கள்.

மேற்கூடு எவ்வளவு ஆசை காட்டினாலும் அடிச்சட்டத்தில்தான் தொடங்கவேண்டும். பாதியில் கைவிட்ட கிட்களில் பெரும்பாலானவை நின்றுபோனது, ஓடாத சட்டத்தால்தான்.

இரண்டு அச்சுத் துளைகளில் 3.175 மி.மீ. தடிமனுள்ள நேரான எஃகுக் கம்பிகளைச் செருகி, அவற்றின் வெளி விளிம்புகளுக்கு இடையே வெர்னியரால் அளந்து, ஒரு கம்பியின் தடிமனைக் கழித்தால் மைய தூரம் கிடைக்கும். இடம், வலம் இரண்டு பக்கமும் அளக்கவேண்டும். கப்ளிங் ராடின் (ஒரு பக்கச் சக்கரங்களை ஒன்றாகச் சுழலவைக்கும் தண்டு) துளைகளும் அதே தூரத்தில் இருக்கவேண்டும். இந்த எஞ்சினில் இரண்டு இடைவெளியும் வேறு வேறு என்பதால், ராடை முன்பின் மாற்றிப் போட்டிருந்தால் எவ்வளவு தேய்த்தாலும் சக்கரம் சுற்றாது. இது நடக்கக்கூடிய தவறுதான், சிரிக்காதீர்கள்.

வித்தியாசம் 0.1 மி.மீ. அளவில் இருந்தால் ராடின் துளையை ரீமரால் (துளையை விரிக்கும் கருவி) கொஞ்சம் விரித்தால் தீரும். அதற்கு மேல் போனால், துளையை அகலமாக்கிச் சமாளிப்பது வேண்டாம். எஞ்சின் கெந்திக் கெந்திப் போகும். பேரிங்கை (அச்சைத் தாங்கும் குழல்) சூடாக்கிக் கழற்றி, ராடையே அளவுக்கு வழிகாட்டியாக வைத்து மறுபடி சால்டர் செய்யவேண்டும். பிறகு கண்ணாடித் தகட்டில் வைத்துப் பாருங்கள். ஆறு சக்கரமும் தொடவேண்டும், ஆடக்கூடாது.

ஒரு பக்கக் கிராங்க் பின்னுக்கும் (சக்கரத்தில் ராட் மாட்டும் முளை) மறுபக்கத்துக்கும் இடையே 90 டிகிரி கோணம். எல்லா அச்சிலும் அதே 90 டிகிரி என்பதுதான் முக்கியம். சதுர முனை அச்சுகளில் இது தானாக அமையும். வெறுமனே அழுத்திப் பொருத்தும் சக்கரங்களில் ஜிக் (கோணம் மாறாமல் பிடித்துவைக்கும் சட்டம்) தேவை. சக்கர உள்முகங்களுக்கு இடையே 14.5 மி.மீ. மோட்டார் இல்லாமல் முன் ஜோடி ராடை மட்டும் மாட்டித் தள்ளிப் பார்க்கவும். பிறகு பின் ஜோடி மட்டும், அதன்பின் இரண்டும். எங்கே சிக்குகிறது என்று அப்போதுதான் தெரியும்.

பழைய மோட்டார்களில் ஒரு பிரஷ் (மோட்டாருக்கு மின்சாரம் தரும் தொடுமுனை) சட்டத்தோடே இணைந்திருக்கும், ஒரு பக்கச் சக்கரங்களும் இன்சுலேட் செய்யப்படாதவை. அவற்றுக்குப் பதிலாக இருபுறமும் இன்சுலேட் செய்த சக்கரங்களை மாட்டினால் மின்சாரம் திரும்ப வழியிருக்காது. இரண்டு பக்கமும் பாஸ்பர் பிரான்ஸ் கம்பியில் பிக்கப் (சக்கரத்தைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் பாகம்) வைக்கவேண்டும்.

மேற்கூட்டில் எந்த எண்ணுள்ள எஞ்சின் என்று முடிவெடுத்தால், பையில் மிஞ்சிய வார்ப்புகளில் எது வேண்டும் என்று தெளிவாகும். 1933 முதல் வந்த 8750 வகையில் கேபின் ஜன்னல்கள் பெரியவை, செவ்வக வடிவம். 6700 முதல் 6749 வரை நீராவி பிரேக் மட்டுமே. அதில் வாக்குவம் பிரேக் குழாயை ஒட்டிவிட்டால் தெரிந்தவர் ஒருவர் உடனே சுட்டிக்காட்டுவார். பித்தளையில் 70 டிகிரி சால்டர் பிடிக்காது. முதலில் 188 டிகிரி சால்டரால் மெல்லிய பூச்சு கொடுத்துவிட்டு, அயர்னின் வெப்பத்தை நன்றாகக் குறைத்து வார்ப்பைச் சேர்க்கவும். 350 டிகிரியில் தொட்டால் கண்ணெதிரே புகைபோக்கி குட்டையாகிவிடும்.

ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் பிரஷ்ஷும் சோப்பு நீரும் எடுத்து ஃப்ளக்ஸை (சால்டர் பிடிக்கத் தடவும் பொருள்) கழுவுங்கள். அமில ஃப்ளக்ஸ் மூலையில் தங்கினால் அச்சு துருப்பிடிக்கும், பித்தளை பச்சை பூக்கும், பெயின்ட் உரியும்.