ஸ்பேர் போர்ட்: சொல் விளக்கம்

பழைய இபிஏபிஎக்ஸ் பெட்டி (உள்ளே இருக்கும் போன்களை ஒன்றோடொன்றும் வெளி லைனோடும் இணைக்கும் சின்ன எக்ஸ்சேஞ்ச்) இன்னும் சுவரில் தொங்குகிற அலுவலகம், லாட்ஜ், மில், பள்ளிக்கூடம் எதுவானாலும் ஒரு நாள் இந்தக் கேள்வி வந்தே தீரும்: “இன்னொரு லைன் போடணும், ஸ்பேர் போர்ட் இருக்கா?” கேட்பவர் மேனேஜர். பதில் சொல்ல வேண்டியவர் எலக்ட்ரீஷியன் அல்லது ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்திருக்கும் டெக்னீஷியன். அவர் பெட்டியைப் பார்த்துவிட்டு “இல்ல சார், ஃபுல்லா இருக்கு” என்பார், பெட்டிக்குள் கூடுதலாகச் செருக ஒரு புது கார்டுக்கு கொட்டேஷன் வரும். கார்டு போட்ட ஆறு மாதம் கழித்து, பழைய கார்டிலேயே இரண்டு இடம் சும்மா கிடந்தது தெரியவரும். இதில் யாரும் ஏமாற்றவில்லை. லைன், ஸ்பேர், போர்ட் என்ற மூன்று சொல்லுமே இரண்டு மூன்று பொருளில் புழங்குகின்றன. அதனால்தான் இந்தக் குழப்பம். மூன்றையும் பிரித்துப் பார்த்துவிடலாம்.

போர்ட் என்றதும் நமக்குத் துறைமுகம் நினைவுக்கு வரும். லத்தீனில் இரண்டு சொற்கள் உண்டு: போர்ட்டா என்றால் வாசல், போர்ட்டுஸ் என்றால் கப்பல் ஒதுங்கும் இடம். இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. ஆங்கிலத்துக்கு வந்தபோது இரண்டும் தேய்ந்து ஒரே எழுத்துக்கூட்டில் நின்றுவிட்டன. கப்பல் ஒதுங்குவது இரண்டாவது சொல்லின் வழி. எஞ்சினுக்குள் நீராவி புகும் திறப்பு, கம்ப்யூட்டரில் வயர் செருகும் இடம், நம் தொலைபேசிப் பெட்டியின் போர்ட் எல்லாம் முதலாவதன் வழி, அதாவது வாசல்.

மின்னியலில் இந்த வாசலுக்குக் கறாரான ஓர் இலக்கணம் உண்டு. இரண்டு முனைகள் சேர்ந்ததுதான் ஒரு போர்ட். ஒரு முனை வழியாக உள்ளே போகும் மின்னோட்டம் அப்படியே மற்ற முனை வழியாக வெளியே வர வேண்டும். தொலைபேசிக்கு இது அச்சாகப் பொருந்துகிறது. ஒரு சாதா போனுக்கு, அதாவது அனலாக் போனுக்கு, வேண்டியது ஒரு ஜோடிச் செப்புக் கம்பி, அந்த ஜோடிக்கு ஒரு போர்ட். அந்த இரண்டு கம்பிகளை டெக்னீஷியன்கள் இன்றும் டிப், ரிங் என்றுதான் சொல்கிறார்கள். ஆபரேட்டர் உட்கார்ந்து கையால் இணைப்புக் கொடுத்த காலத்தில், அவர் செருகிய பின்னின் நுனி டிப், அதற்குப் பின்னால் இருந்த வளையம் ரிங். அந்த இணைப்புப் பலகைகள் போய்விட்டன, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: பெட்டியின் வெளியே தெரியும் ஓட்டை போர்ட் ஆகாது. அது ஜாக். போர்ட் என்பது அதற்குப் பின்னால், கார்டில் உட்கார்ந்திருக்கும் சின்னஞ்சிறு மின்சுற்று. போனுக்கு மின்சாரம் கொடுப்பது, மணி அடிப்பது, ரிசீவரை எடுத்துவிட்டார்களா என்று கவனிப்பது, டயல் டோன் கொடுப்பது எல்லாம் அதன் வேலை. எட்டு போர்ட் கார்டு என்றால் அப்படி எட்டுச் சுற்றுகள். சில பெட்டிகளில் ஒரே ஜாக்கில் இரண்டு அல்லது நான்கு ஜோடிகள் வெளியே வரும். அதில் ஒரு ஜோடியை மட்டும் இழுத்துவிட்டு மற்றதை அப்படியே விட்டிருப்பார்கள். ஜாக்கை எண்ணினால் ‘ஃபுல்’, போர்ட்டை எண்ணினால் பாதி காலி.

போர்ட்டை எண்ணிக்கை அலகாக நம் நாட்டில் பரவலாக்கியதில் அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1984-இல் தொடங்கிய அந்த நிறுவனம் கிராமங்களுக்காக உருவாக்கிய எக்ஸ்சேஞ்சின் பெயரிலேயே 128 போர்ட் என்று இருந்தது. 1986-இல் கர்நாடகத்தின் கிட்டூரில் அது முதன்முதலாக வேலை செய்யத் தொடங்கியது. 128 போர்ட் என்றால் 128 வீட்டுக்கு போன் கொடுக்கலாம் என்று பொருள் இல்லை. வெளியூர் எக்ஸ்சேஞ்சோடு இணைக்கும் ட்ரங்குகளும் அதே கணக்கிலிருந்துதான் போக வேண்டும். அலுவலகப் பெட்டிக்கும் இதே கணக்குதான்.

அடுத்தது லைன். இது லத்தீன் லினும், அதாவது ஆளி என்ற நார்ச்செடியின் பெயரிலிருந்து வந்தது. அந்த நாரில் திரித்த நூல் லினியா, அதிலிருந்து கோடு, கயிறு, கம்பி என்று பொருள் விரிந்தது. நம் ஊரில் லைன்மேன், லைன் கிடைக்கவில்லை, லைனில் இருங்கள் என்று இந்தச் சொல் வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டது. சிக்கல் அலுவலகத்துக்குள்தான். மேனேஜர் “இன்னொரு லைன்” என்னும்போது பெரும்பாலும் அவர் நினைப்பது புதிதாக வந்தவரின் மேசைக்கு ஒரு போன், அதாவது எக்ஸ்டென்ஷன். டெக்னீஷியன் காதில் விழுவதோ வெளியிலிருந்து வரும் புது இணைப்பு. அவர் மொழியில் அதற்குப் பெயர் சிஓ லைன். முதலாவதற்கு வேண்டியது டயல் டோன் கொடுக்கும் போர்ட், இரண்டாவதற்கு வேண்டியது டயல் டோனை வாங்கும் போர்ட். இரண்டும் வெவ்வேறு சுற்றுகள். எக்ஸ்டென்ஷன் பக்கம் பத்து காலி இருந்தாலும் வெளி லைனை அதில் மாட்ட முடியாது. மாட்டினால் இரண்டு பக்கமும் மின்சாரம் தள்ளும், கார்டு கெட்டுப்போகவும் வாய்ப்புண்டு.

மாடல் எண்ணும் இதே இடத்தில் ஆளை ஏமாற்றும். பானசோனிக்கின் பழைய சின்னப் பெட்டியில் 308 என்றால் 3 வெளி லைன், 8 எக்ஸ்டென்ஷன். கணக்கு நேராக இருந்தது. பின்னால் வந்து, இன்னமும் எத்தனையோ அலுவலகங்களில் சளைக்காமல் ஓடும் டிஇஎஸ் 824-இல் அப்படி இல்லை. 8, 24 என்பது எல்லாக் கார்டும் போட்ட பிறகு எட்டக்கூடிய உச்சம். பெட்டி வரும்போது அதில் இருப்பது 3 வெளி லைனும் 8 எக்ஸ்டென்ஷனும்தான். மேலே ஒட்டிய எண்ணைப் பார்த்து “24 இருக்கே, நாம 8 தானே யூஸ் பண்றோம்” என்று நம்பிவிடக் கூடாது. மூடியைக் கழற்றி எத்தனை கார்டு ஏறியிருக்கிறது என்று பார்த்தால்தான் நிஜம் தெரியும்.

இனி ஸ்பேர். பழைய ஆங்கிலத்தில் இதற்கு விட்டுவைத்தல், கை வைக்காமல் தவிர்த்தல் என்று பொருள். செலவழிக்காமல் வைத்தது, பிறகு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் உட்கருத்து. தமிழில் ஸ்பேர் பார்ட்ஸுக்கு உதிரி பாகம் என்று அழகாகச் சொல் நிலைத்துவிட்டது. அதைப் பார்த்து ‘உதிரிப் போர்ட்’ என்று எழுதுவது சரிவராது. உதிர் என்ற வினையில் பிறந்தது உதிரி. கோக்காத பூ உதிரிப்பூ, தனியாகக் கிடைக்கும் பாகம் உதிரி பாகம். போர்ட்டோ கார்டோடு ஒட்டியே இருக்கிறது, உதிர்ந்து கிடக்கவில்லை. அங்கே ஆள் இல்லை, அவ்வளவுதான். அதற்கு நம் பேச்சில் ஏற்கெனவே இருக்கும் சொல் காலி. அரபியிலிருந்து உருது வழியாக வந்து, காலி மனை, காலிப் பணியிடம் என்று தமிழில் உறைந்துபோன சொல். காலிப் போர்ட் என்பதே பொருத்தம்.

ஆனால் எது காலி? இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும், ஏனென்றால் காலியில் நான்கு வகை உண்டு.

ஜாக்கில் எதுவும் செருகாமல் இருப்பது முதல் வகை. கண்ணுக்குத் தெரியும், எளிது. செருகியிருக்கிறது, கட்டடத்தின் போன் வயர்கள் எல்லாம் வந்து சேரும் எம்டிஎஃப் பெட்டி வரைக்கும் வயரும் வருகிறது, ஆனால் அங்கிருந்து மாடிக்குப் போகும் ஜோடியோடு ஜம்பர் (இணைப்புக் கம்பி) போடவில்லை என்பது இரண்டாவது. பழைய அலுவலகங்களில் அதிகம் ஒளிந்திருப்பது இந்த வகைதான். முதலில் பெட்டியைப் பொருத்தியவர் எல்லா போர்ட்டையும் ஒழுங்காக எம்டிஎஃப்-இல் இருக்கும் க்ரோன் பட்டையில் பஞ்ச் செய்து, அதாவது கம்பிகளை அழுத்திப் பதித்துவிட்டுப் போயிருப்பார். பெட்டிப் பக்கம் பத்து ஜோடியும் நிறைந்திருக்கும், மறுபக்கம் ஏழுதான் இருக்கும். பெட்டியை மட்டும் பார்ப்பவருக்கு இது புலப்படவே படாது. மூன்றாவது வகையில் கம்பி மாடி வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும், முனையில் போன் இருக்காது. அறையைத் தடுத்துக் கட்டியிருப்பார்கள், அல்லது பீரோவுக்குப் பின்னால், போன் மாட்டும் ரோசெட் பெட்டி மறைந்திருக்கும்.

நான்காவது வகை காலி மாதிரி தெரியும், ஆனால் காலி இல்லை. இடி மின்னலில் அடிவாங்கி இறந்த போர்ட். ஒரு மழைக்காலத்தில் அது போயிருக்கும். அன்று வந்த டெக்னீஷியன் அந்த போனை அடுத்த போர்ட்டுக்கு மாற்றிவிட்டு, போனதை அப்படியே விட்டிருப்பார். எங்கும் எழுதி வைத்திருக்க மாட்டார். பல ஆண்டு கழித்து வருபவருக்கு அது அருமையான காலியிடமாகத் தோன்றும்.

இதைப் பிரித்தறிய பெரிய கருவி எதுவும் வேண்டாம், ஒரு மல்டிமீட்டரும் ஒரு சாதா போனும் போதும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஜோடியைத் தொடுங்கள். உயிரோடிருக்கும் எக்ஸ்டென்ஷன் போர்ட்டில், ரிசீவர் வைத்த நிலையில், பெட்டியைப் பொறுத்து 24-லிருந்து 48 வோல்ட் வரை காட்டும். எங்காவது ரிசீவர் எடுத்திருந்தால் பத்துக்கும் கீழே விழும். பூஜ்யம் காட்டினால் அது செத்த போர்ட், இல்லையென்றால் வெளி லைனுக்கான போர்ட். வெளி லைன் போர்ட் தானாக மின்சாரம் தராது, எக்ஸ்சேஞ்சிலிருந்து லைன் வந்து மாட்டியிருந்தால் மட்டுமே அதில் ஏறத்தாழ 48 வோல்ட் இருக்கும். மணி அடிக்கும் நேரத்தில் 75 வோல்ட் வாக்கில் மாறுமின்சாரம் வரும், அப்போது கம்பியில் விரல் பட்டால் சுரீரென்று இழுக்கும். அதனால் வெறும் விரலால் கம்பியைப் பிடிக்க வேண்டாம்.

வோல்ட் இருக்கிறது, சரி. அப்புறம் சாதா போனை மாட்டி டயல் டோன் வருகிறதா என்று கேட்க வேண்டும். அங்கிருந்து ரிசப்ஷனில் இருக்கும் டிஸ்ப்ளே போனுக்கு அடித்தால், எந்த எண்ணிலிருந்து அழைப்பு வருகிறது என்று திரையில் விழும். அதுதான் அந்த போர்ட்டின் எண். மறுபக்கமாகச் செய்வதில் ஒரு பொறி இருக்கிறது. ரிசப்ஷனிலிருந்து 101, 102 என்று வரிசையாக அடித்து “ரிங் போகுது, அப்ப ஆள் இருக்கு” என்று முடிவு கட்டக் கூடாது. அனலாக் போர்ட்டில் போன் மாட்டியிருக்கிறதா இல்லையா என்று பெட்டிக்குத் தெரியாது. ஒன்றுமே இல்லாத இடத்துக்கும் அது மணி அனுப்பிக்கொண்டிருக்கும், அழைத்தவர் காதில் ரிங் கேட்கும். டிஜிட்டல் போனுக்கான போர்ட் அப்படி இல்லை, போன் இல்லாவிட்டால் அதற்குத் தெரிந்துவிடும்.

யாரும் பேசுவதே இல்லை என்பதற்காகவும் ஒரு போர்ட்டைக் காலி என்று எழுதிவிடக் கூடாது. லிஃப்டுக்குள் இருக்கும் அவசர போன், திருட்டு அலாரம், ஃபேக்ஸ், பழைய கார்டு ஸ்வைப் மெஷின் எல்லாம் மாதக்கணக்கில் சத்தமே இல்லாமல் ஒரு போர்ட்டில் உட்கார்ந்திருக்கும். கழற்றியது தெரியவருவது லிஃப்டில் ஒருவர் மாட்டிக்கொள்ளும் அன்றைக்குத்தான். வயர் எங்கே போகிறது என்று முனை வரைக்கும் பார்க்காமல் எந்த ஜம்பரையும் பிடுங்காதீர்கள் என்று மன்றாடியே சொல்வேன்.

சரி, போர்ட்டுக்குத் தமிழில் என்ன? முனையம் என்று சிலர் எழுதுகிறார்கள். அது டெர்மினலுக்கான சொல். மேலே பார்த்தபடி இரண்டு முனை சேர்ந்தால்தான் ஒரு போர்ட், ஆகவே முனையம் என்பது பாதிதான். இணைப்பி என்பது கனெக்டர், செருகும் பொருளின் பெயர். வாயில் என்ற சொல் லத்தீன் மூலத்துக்கு மிக நெருக்கம், ஆனால் நுழைவாயில் என்பதைக் கணினித் தமிழில் கேட்வேக்குக் கொடுத்தாகிவிட்டது. எஞ்சி நிற்பது துறை. கணினிக் கலைச்சொல் தொகுப்புகளில் தொடர் துறை, இணைத் துறை என்று போர்ட்டுக்கு இது ஏற்கெனவே இடம்பிடித்திருக்கிறது.

துறைமுகத்தைப் பார்த்து யாரோ சொல்லுக்குச் சொல் மாற்றிவிட்டார்கள் என்று இதை ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. துறை என்பது கடலுக்கு மட்டும் உரிய சொல் இல்லை. ஆற்றிலோ குளத்திலோ இறங்கவும் ஏறவும் வகுத்த இடம் அது. சங்கப் பாடல்களில் தண்ணீர் எடுக்கும் இடம் உண்துறை. படித்துறை, ஓடத்துறை இன்றும் வழக்கில் உள்ளன. மயிலாடுதுறை, ஈழத்தில் பருத்தித்துறை, காங்கேசன்துறை என்று ஊர்ப்பெயர்களாகவும் நிற்கின்றன. கரை நெடுக எங்கு வேண்டுமானாலும் இறங்க முடியாது, இன்னதற்கு இன்ன துறை என்று வகுத்த இடத்தில்தான் இறங்க வேண்டும். போர்ட்டும் அப்படித்தான்: வெளி லைனுக்கு ஒன்று, எக்ஸ்டென்ஷனுக்கு வேறொன்று.

ஒரே இடைஞ்சல், தொலைபேசி விஷயத்தில் துறை என்றதும் அரசுத் துறை நினைவுக்கு வருவது. தொலைத்தொடர்புத் துறை என்ற பெயர் அவ்வளவு பழகிவிட்டது. ஆகவே வெறும் துறை என்று விடாமல், பொதுவாகச் சொல்லும்போது இணைப்புத்துறை என்றும், வகை பிரிக்கும்போது வெளி லைனுக்கு வெளித்துறை, எக்ஸ்டென்ஷனுக்குக் கிளைத்துறை என்றும் எழுதலாம் என்பது என் பரிந்துரை. எக்ஸ்சேஞ்சுக்கு இணைப்பகம் என்ற சொல் நன்றாக ஊன்றிவிட்டது, இந்தப் பெயர்கள் அதோடும் ஒத்துப்போகும். ஜாக்குக்குச் செருகுவாய் போதும். பேச்சில் போர்ட் என்றே சொல்லிவிட்டுப் போகலாம், அதில் ஒன்றும் குறையில்லை. எம்டிஎஃப் மூடியின் உட்புறம் ஒட்டும் தாளில் மட்டும் இப்படி இருந்தால் அடுத்து வருபவர் தடுமாற மாட்டார்:

வெளித்துறை 3: லைன் வரவில்லை, காலி.
கிளைத்துறை 6, எண் 106: ஜம்பர் இல்லை, டயல் டோன் உண்டு, காலி.
கிளைத்துறை 7: இடியில் போனது, பயன்படுத்த வேண்டாம்.
கிளைத்துறை 8, எண் 108: லிஃப்ட் போன், கழற்றக் கூடாது.