தத்தும் குஞ்சைத் தூக்கி வராதீர்கள்

மேய்ச்சல் காட்டில் பறக்கத் தெரியாத குஞ்சு ஒன்று தனியே நின்றால், "கூட்டிலிருந்து விழுந்துடுச்சு" என்று கையில் எடுத்து வந்துவிடுகிறார்கள். விழுவதற்கு அங்கே உயரமே கிடையாது. கூடு இருப்பது தரையில், புல் தூரின் ஓரத்தில். குஞ்சு தானாகவே நடந்து வெளியேறியிருக்கிறது.

இதில் இரண்டு வகை உண்டு. ஆட்காட்டி, கௌதாரி, கல்கௌதாரி ஆகியவற்றின் குஞ்சுகள் கண் திறந்து, மென்தூவியோடு பொரியும். ஓரிரு நாளுக்குள் கூட்டை விட்டு நடந்துவிடும். கல்கௌதாரிக்கு உணவு காய்ந்த விதைகள்தான் என்பதால் தண்ணீர் தனியாக வேண்டும். ஆண் பறவை குட்டையில் வயிற்றிறகை நனைத்துக்கொண்டு பறந்து வந்து நிற்கும். குஞ்சுகள் அந்த ஈர இறகைச் சப்பிக் குடிக்கும்.

வானம்பாடி, நெட்டைக்காலி போன்ற சிறு பறவைகள் அப்படியல்ல. கண் மூடிப் பிறந்து, தாய் தந்தை ஊட்டி வளர்பவை. அப்படியிருந்தும் பறக்கப் பழகும் முன்பே கூட்டை விட்டுவிடுகின்றன. நன்றாக ஆராயப்பட்ட ஐரோப்பிய வானம்பாடி 8 முதல் 10 நாளில் கூட்டை விட்டு வெளியேறிவிடும்; ஒழுங்காகப் பறக்க ஏறத்தாழ 18, 20 நாள் ஆகும். ஏன் இந்த அவசரம்? ஒரே இடத்துக்குத் தாய் தந்தை இரையோடு நாள் முழுக்க வந்து போனால் கீரியும் பாம்பும் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்தால் மொத்தக் கூடும் போயிற்று. பிரிந்து பதுங்கினால் ஒன்று போனாலும் மற்றது தப்பும்.

இதற்குக் கொடுக்கும் விலை அதிகம்தான். வெளியேறிய முதல் வாரத்தில்தான் சாவு கூடுதல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாளுக்கு 100க்கு 95 குஞ்சு பிழைத்தாலும், 14 நாள் முடிவில் மிஞ்சுவது 49தான். கூடுகளை மட்டும் எண்ணி "இனப்பெருக்கம் வெற்றி" என்று எழுதும் அறிக்கைகளை அதனால் நம்ப முடிவதில்லை.

வெளியேறிய குஞ்சைப் பின்தொடர, அது கூட்டில் இருக்கும்போதே ஆய்வாளர்கள் சிக்னல் அனுப்பும் சிறு ரேடியோ கருவி பொருத்துவார்கள். நம் நாட்டில் அதற்கு வனத்துறை அனுமதி கட்டாயம். கருவியின் எடை பறவையின் எடையில் 3 முதல் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 20 கிராம் குஞ்சுக்கு 1 கிராமே உச்சம், 0.6 கிராம் நல்லது. கருவியைத் தொடையில் மாட்டும் வளையம் தளர்ந்தால் கருவி கழன்றுவிடும், இறுகினால் வளரும் காலை அறுக்கும். குஞ்சு வளர்ந்த பிறகு தாமதமாகக் கூட்டைத் தொட்டாலோ குஞ்சுகள் மிரண்டு முன்கூட்டியே குதித்துவிடும். தரையோடு ஒட்டிய கருவியின் சிக்னல் வெகுதூரம் எட்டாது. சிக்னல் நகர்கிறதே என்று "உயிரோடு உள்ளது" எனக் குறித்துவிடவும் முடியாது. சாரைப்பாம்பின் வயிற்றுக்குள்ளும் கருவி ஓடிக்கொண்டேயிருக்கும். நேரில் பார்த்தால்தான் கணக்கு.

காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில் (வேலியிட்ட மேய்ச்சல் நிலங்களில்) கொழுக்கட்டைப்புல்லும், கிளுவை வேலியும், அங்கங்கே வெள்வேலும் இருக்கின்றன. புல் தூர்களுக்கு இடையே வெறும் மண் தெரிவது குறை அல்ல. குஞ்சு நடக்க அதுதான் பாதை, தூர்தான் ஒளிவிடம். ஒட்ட மேய்ந்தால் ஒளிவிடம் போகும், புல் மண்டினால் நடக்க முடியாது. காலி நிலம் என்று நெருக்கமாக மரம் நடுவது இவற்றுக்கு நல்லதல்ல. மரம் காக்கைக்கும் வல்லூறுக்கும் காவல் கோபுரம்.

குஞ்சு கண்ட காட்டில் மூன்று வாரம் ஆடுமாட்டை அடுத்த காட்டுக்கு மாற்றலாம், நாயைக் கட்டலாம். புல் அறுப்பதானால் நடுவில் தொடங்கி வெளிப்பக்கம் வாருங்கள். ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே அறுத்தால், ஒதுங்கி ஒதுங்கிப் போன குஞ்சுகளெல்லாம் கடைசித் துண்டுப் புல்லில் மாட்டிக்கொள்ளும். ஆட்காட்டி தலைக்கு மேல் கத்திச் சுற்றினால் அதே இடத்தில் நின்று காலடியைப் பாருங்கள். தாய் கத்தியதும் குஞ்சு மண்ணோடு ஒட்டிப் படுத்துவிடும். மிதிக்கும் தூரத்தில் கால் இருந்தாலும் அசையாது.

ஏற்கெனவே தூக்கி வந்துவிட்டீர்களா? அன்றே, எடுத்த இடத்திலேயே, அருகிலுள்ள தூரின் நிழலில் விடுங்கள். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாயில் போய்விடும். 50 மீட்டர் தள்ளி உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாருங்கள். அலகில் வெட்டுக்கிளியோடு ஒரு பறவை வந்து, கீழே இறங்காமல் தயங்கித் தயங்கி வேலியிலேயே நின்றால், தடை நீங்கள்தான். இன்னும் பின்னால் போங்கள்.