பிள்ளைக்கு டி.பி. என்றால்: பள்ளியில் என்ன கேட்கலாம், பணம் எங்கே சிக்கும்

எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா என்னிடம் ஒரு கடிதத்தைக் காட்டினார். நோட்டிலிருந்து கிழித்த தாள், கீழே பள்ளியின் சீல். "முழுமையாகக் குணமடைந்ததற்கான சான்றிதழுடன் மாணவியை அனுப்பவும்." டி.பி.க்கு மருந்தே ஆறு மாதம். ஆக, அரை வருடம் வீட்டில் உட்கார வை என்பதைத்தான் சீல் குத்திச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண் மாத்திரை சாப்பிட ஆரம்பித்து அப்போது ஐந்து வாரம் ஆகியிருந்தது.

நுரையீரல் டி.பி. காற்றில் பரவும், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் சரியான மருந்தை ஒரு நாளும் விடாமல் சாப்பிட்டால், சுமார் இரண்டு வாரத்தில் பெரும்பாலானவர்களிடமிருந்து பரவுவது நின்றுவிடும். சின்னப் பிள்ளைகள் பெரியவர்கள் அளவுக்குப் பரப்புவதும் இல்லை. கழுத்தில் கட்டியாக மட்டும் வருகிற டி.பி. அடுத்தவருக்கு ஒட்டவே ஒட்டாது, அதற்கும் பிள்ளையைத் திருப்பி அனுப்பிய கதை எனக்குத் தெரியும்.

அதனால் டாக்டரிடம் போய் "குணமாகிவிட்டது என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். அவர் ஆறு மாதத்துக்கு முன்னால் அப்படி எழுத மாட்டார், எழுதவும் கூடாது. "சிகிச்சையில் இருக்கிறார், இந்தத் தேதியிலிருந்து பள்ளிக்கு வரலாம்" என்ற ஒரு வரி போதும், தேதியும் சீலும் முக்கியம். அதைத் தலைமை ஆசிரியரிடம் கொடுக்கும்போது ஒரு ஜெராக்ஸில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னது நாளைக்கு நிற்காது.

இன்னொன்று, இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். பள்ளி யாரையும் "நீக்கினோம்" என்று சொல்வதில்லை. "மத்த பேரன்ட்ஸ் பிரச்சனை பண்றாங்கம்மா, நீங்களே டி.சி. வாங்கிக்குங்க, அடுத்த வருஷம் சேத்துக்கிறோம்" என்று அன்பாகச் சொல்வார்கள், கூடவே ஒரு வெள்ளைத்தாளும் நீட்டுவார்கள். "சொந்த விருப்பத்தின் பேரில்" என்று நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டால் அதற்குப் பிறகு பேச ஒன்றும் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 16வது பிரிவுப்படி எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்ற முடியாது. அதனால்தான் அந்தக் கடிதத்தை உங்கள் கையால் எழுத வைக்கப் பார்க்கிறார்கள். எழுதாதீர்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். நிக்‌ஷய் போஷண் என்ற பெயரில் மத்திய அரசு சத்துணவுக்காகக் கொடுப்பது. 2018 ஏப்ரலில் மாதம் 500 ரூபாயாக ஆரம்பித்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். ஆறு மாத சிகிச்சைக்கு இரண்டு தவணை, ஆளுக்கு 6,000. வருமான வரம்பு கிடையாது, ரேஷன் கார்டு எந்த வகை என்றும் கேட்கக் கூடாது, குழந்தைகளுக்கும் உண்டு. தனியார் ஆஸ்பத்திரியில் பார்ப்பவர்களுக்கும் உண்டு. கடைசியாகச் சொன்னது பல தனியார் டாக்டர்களுக்கே ஞாபகம் இருப்பதில்லை. டி.பி. என்று கண்டுபிடித்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012லிருந்து கட்டாயம், ஆனாலும் தெரிவிக்காமல் மருந்துச் சீட்டு மட்டும் எழுதி அனுப்பிவிடுகிற இடங்கள் இருக்கின்றன. முதல் நாளே "எங்க நிக்‌ஷய் ஐடி என்ன?" என்று கேட்டு, அரசுப் பதிவில் பிள்ளைக்குக் கிடைக்கும் அந்த எண்ணை மருந்து அட்டையின் மேலேயே எழுதி வாங்குங்கள். அந்த எண் இல்லை என்றால் அரசின் கணக்கில் உங்கள் பிள்ளை நோயாளியே இல்லை.

எண் வந்த பிறகும் பணம் வராமல் போவது பெரும்பாலும் வங்கிக் கணக்கில்தான். பிள்ளைக்குக் கணக்கு இல்லை என்றால் அம்மா அல்லது அப்பா கணக்கைச் சம்மதக் கடிதத்தோடு கொடுக்கலாம், இதற்காகப் புதுக்கணக்குத் திறக்கச் சொல்லி அலைய விட்டால் அதை எடுத்துச் சொல்லுங்கள். இரண்டு வருடமாகத் தொடாத கணக்கு உறங்கிப் போயிருக்கும், ஐம்பது ரூபாய் போட்டு எடுத்துப் பாருங்கள். பழைய பாஸ்புக்கைப் பார்த்து வங்கிக் கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணை எழுதிக் கொடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள்: அலகாபாத் வங்கி 2020இல் இந்தியன் வங்கியோடு சேர்ந்தது, லட்சுமி விலாஸ் வங்கி அதே வருடம் டி.பி.எஸ். வங்கியோடு போய்விட்டது, எண்கள் மாறிவிட்டன. ஆனால் வீட்டில் இருப்பது பழைய பாஸ்புக்தானே. அப்புறம் அண்ணன் தங்கை இருவருக்கும் நோய் என்று ஒரே கணக்கைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் இரட்டைப் பதிவு என்று நிறுத்தி வைக்கும், டி.பி. அலுவலகத்தில் ஒருவர் பார்த்து விடுவிக்கும் வரை அது அப்படியே கிடக்கும். "மேலேயிருந்து வரல" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். எந்தக் காரணத்தால் நிற்கிறது என்பது அவர்கள் திரையிலேயே தெரியும், அதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அங்கே நகரவில்லை என்றால் மாவட்டக் காசநோய் மையத்தில் துணை இயக்குநரிடம் எழுத்தில் கொடுங்கள். 1800-11-6666 என்ற இலவச எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யலாம்.

மாத்திரை ஆரம்பித்ததும் சிறுநீர் ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ போகும். மருந்தின் நிறம் அது, ரத்தம் இல்லை. இதைச் சொல்லி அனுப்ப ஒரு நிமிடம்கூட ஆகாது, யாரும் சொல்வதில்லை, பயந்துபோய் நிறுத்திவிட்டு வருகிறார்கள். பிள்ளைக்கு அளவு எடையைப் பொறுத்தது, எடை கூடினால் அளவும் மாறலாம், அதனால் ஒவ்வொரு முறையும் எடை பார்க்கச் சொல்லுங்கள்.

பிள்ளைக்கு நோய் வந்தது என்றால் பெரும்பாலும் வீட்டிலோ பக்கத்திலோ ஒரு பெரியவர் இருமிக்கொண்டிருக்கிறார். வீட்டில் எல்லோருக்கும் இலவசமாகப் பரிசோதனை உண்டு. நோய் இல்லை என்று உறுதியானவர்களுக்கு வராமல் தடுக்கும் மாத்திரையும் உண்டு, ஐந்து வயதுக்குள் தம்பி தங்கை இருந்தால் அதைக் கேட்டு வாங்காமல் வராதீர்கள். நான் சொன்ன அந்தப் பெண்ணின் வீட்டில் பாட்டி மூன்று மாதமாக இருமிக்கொண்டிருந்தார். "அது பழைய இருமல்" என்று விட்டுவிட்டார்கள். பள்ளியோ முப்பது பிள்ளைகளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தது, பாட்டிக்கு ஒரு சளி டெஸ்ட் எடுக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.