பத்து தடவை ஓட்டினேன் சார், ஒரே விடைதான் வருது

இந்த மாதத்தில் என்னிடம் சரிபார்க்க வந்த மூன்றாவது நெட்வொர்க் சிமுலேஷன் அறிக்கை இது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒரு நிறுவனம், ஒரு தலைமை அலுவலகம், ஆறு கிளைகள். இரண்டு நெட்வொர்க் டிசைன்களை என்எஸ்-3 சிமுலேட்டரில் (நெட்வொர்க்கைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) ஒப்பிட்டு என்னிடம் சரிபார்க்க அனுப்பியிருந்தார்கள். முதல் டிசைனில் ஒவ்வொரு கிளையும் நேராகத் தலைமை அலுவலகத்துக்கு வருகிறது. இரண்டாவதில் கூடுதலாகக் கிளைகளுக்கு நடுவே மூன்று குறுக்கு லிங்க்குகள். சராசரி டிலே (தகவல் போய்ச் சேர ஆகும் நேரம்) முதலாவதில் 18.4 மில்லிசெகண்ட், இரண்டாவதில் 16.9. ஆகவே இரண்டாவது 8 சதவீதம் சிறந்தது என்று தடித்த எழுத்தில் முடித்திருந்தார்கள். அந்த மூன்று லிங்க்குகளுக்கும் மாதாமாதம் வாடகை கட்டப்போவது அந்த நிறுவனம்தான்.

தயாரித்த தம்பியைக் கூப்பிட்டு எத்தனை தடவை ஓட்டினீர்கள் என்று கேட்டேன். "பத்து தடவை ஓட்டினேன் சார், பத்து தடவையும் ஒரே விடைதான் வருது, ஒரு புள்ளிகூட மாறலை" என்றார். அதை நிரூபணம் என்று உண்மையாகவே நம்பிச் சொன்னார். இதே பதிலை எத்தனையோ பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சிமுலேட்டரில் எந்த பாக்கெட் (தகவலின் ஒரு துண்டு) எப்போது கிளம்பும், ஒரு ஃப்ளோ (தொடர்ந்து போகும் பாக்கெட் வரிசை) எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதையெல்லாம் ரேண்டம் எண்கள் தீர்மானிக்கின்றன. அந்த எண்கள் ஒரு சூத்திரத்திலிருந்து வருபவை. தொடக்கப்புள்ளி ஒன்றாக இருந்தால் வரிசையும் கடைசி இலக்கம் வரை ஒன்றாகவே இருக்கும். என்எஸ்-3-இல் அந்தத் தொடக்கப்புள்ளியைத் தீர்மானிப்பவை சீட், ரன் எண் என்ற இரண்டு எண்கள்; நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் சீட் 1, ரன் எண் 1. பத்து தடவை ஓட்டினாலும் அதே பாக்கெட் அதே நொடியில் அதே க்யூவில் போய் நிற்கும். ஒரு சாலைச் சந்திப்பில் ஒரு திங்கட்கிழமை காலையில் எடுத்த சிசிடிவி பதிவைப் பத்து தடவை போட்டுப் பார்த்துவிட்டு, "பத்து நாளும் 9.05-க்குத்தான் நெரிசல் வருகிறது" என்று சொல்வதும் இதுவும் ஒன்றுதான். விடை மாறவில்லை என்றால் நெட்வொர்க் நிலையாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. நீங்கள் பார்த்தது ஒரே ஒரு நாளை, அவ்வளவுதான்.

சீட்டை அப்படியே விட்டுவிட்டு ரன் எண்ணை மட்டும் 1, 2, 3 என்று மாற்றிக்கொண்டே போங்கள். என்எஸ்-3 ஆவணங்களும் அதைத்தான் சொல்கின்றன, கட்டளை வரியிலேயே கொடுத்துவிடலாம், நிரலைத் தொடக்கூட வேண்டாம். நான் அந்த இரண்டு டிசைன்களையும் 20 ரன் எண்களில் ஓட்டினேன். 11 ரன்களில் இரண்டாவது டிசைன் முந்தியது, 9 ரன்களில் முதலாவது. எட்டு சதவீதம் போன இடம் தெரியவில்லை.

இதைச் சொன்னதும் சிலர் முதல் டிசைனுக்குச் சில ரன்கள், இரண்டாவதற்கு வேறு சில ரன்கள் என்று ஓட்டி இரண்டு சராசரிகளைப் பக்கத்தில் வைக்கிறார்கள். வேண்டாம். இரண்டு டிசைன்களுக்கும் அதே ரன் எண்களைக் கொடுங்கள், ரன் ஒவ்வொன்றிலும் வித்தியாசத்தை எடுங்கள், அந்த வித்தியாசங்களுக்கு 95 சதவீத நம்பிக்கை இடைவெளி போடுங்கள். பத்து ரன் என்றால் திட்டவிலக்கத்தை 10-இன் வர்க்கமூலத்தால் வகுத்து 2.262-ஆல் பெருக்கிச் சராசரிக்கு இருபுறமும் வைத்தால் போதும். அந்த இடைவெளிக்குள் பூஜ்யம் விழுந்தால் எது சிறந்தது என்று சொல்ல உங்களிடம் ஆதாரம் இல்லை. (ஒரு தொழில் எச்சரிக்கை: இரண்டாவது டிசைனில் ஒரு கருவி கூடினாலே ஒவ்வொரு பகுதிக்கும் தானாக ஒதுக்கப்படும் ரேண்டம் எண் வரிசைகள் (ஸ்ட்ரீம்கள்) இடம் மாறிவிடும். ட்ராஃபிக் உருவாக்கும் பகுதிகளுக்கு ஸ்ட்ரீம் எண்ணை நீங்களே ஒதுக்கிவிடுங்கள்.)

ஒரு லிங்க் அறுந்தால் மாற்றுவழி வேண்டும் என்பதற்காகக் குறுக்கு லிங்க் போடுவது முழுக்க நியாயம். அப்படியென்றால் அந்தக் காரணத்தையே அறிக்கையில் எழுதுங்கள், லிங்க்கை அறுத்துப் பார்க்கும் சிமுலேஷனை ஓட்டுங்கள்.

ஆராய்ச்சி உலகமும் இதில் பெரிதாக மேல் இல்லை. மொபைல் நெட்வொர்க் ஆராய்ச்சிக்கான மோபிஹாக் மாநாட்டில் 2000 முதல் 2005 வரை வந்த 151 கட்டுரைகளை கர்கோவ்ஸ்கி, கேம்ப், கொலக்ராஸோ மூவரும் அலசினார்கள். 114 கட்டுரைகள் சிமுலேஷனை நம்பியவை. இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்கும்படி இருந்தவை 15 சதவீதத்துக்கும் குறைவு.

அடுத்தது டிஃபால்ட் மதிப்புகள், அதாவது நீங்கள் மாற்றாவிட்டால் சிமுலேட்டர் தானாக எடுத்துக்கொள்பவை. இரண்டாவது அறிக்கையில் 100 எம்பிபிஎஸ் லிங்க்கையும் 1 ஜிபிபிஎஸ் லிங்க்கையும் ஒப்பிட்டு, இரண்டிலும் ஒரு டிசிபி இணைப்புக்கு (தகவல் முழுதாகப் போய்ச் சேருவதை உறுதிசெய்யும் முறை) ஏறக்குறைய ஒரே த்ரூபுட் (நிஜமாகக் கிடைக்கும் வேகம்) வருவதால் வேகத்தைக் கூட்டுவது வீண்செலவு என்று முடித்திருந்தார்கள். என்எஸ்-3-இல் டிசிபி பஃபர் (தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் இடம்) நீங்கள் மாற்றாதவரை 131072 பைட். போய்வரும் நேரம் 50 மில்லிசெகண்ட் என்றால் ஒரு இணைப்பு சுமார் 21 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவே முடியாது, லிங்க் எவ்வளவு அகலமாக இருந்தாலும். டிசிபி ஒரு தடவை அனுப்பும் துண்டான செக்மென்ட்டின் அளவும் டிஃபால்ட்டாக 536 பைட்தான், நிஜ ஈதர்நெட்டில் நாம் வழக்கமாகப் பார்ப்பது 1460. அவர்கள் அளந்தது பஃபரை, லிங்க்கை அல்ல. நல்லவேளை, அந்தக் காகிதத்தை நம்பி யாரும் இன்னும் முடிவெடுக்கவில்லை.

எந்த எண்ணையும் அறிக்கையில் ஏற்றுவதற்கு முன் கையால் ஒரு கணக்குப் போடுங்கள். 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டில் 1460 பைட் டேட்டா போக வயரில் 1538 பைட் இடம் பிடிக்கும், ஆக உச்சமே சுமார் 94.9 எம்பிபிஎஸ். உங்கள் சிமுலேட்டர் 99 என்று காட்டினால் மாடலில் எங்கோ பிழை. அதேபோல, ஒரே ஒரு க்யூவை வைத்து எம்/எம்/1 (ரேண்டம் வருகை, ரேண்டம் சேவை நேரம், ஒரே சர்வர் கொண்ட க்யூவுக்கான சூத்திரம்) விடையோடு ஒத்துப்பாருங்கள்: லோடு 50 சதவீதத்தில் மொத்த நேரம் சேவை நேரத்தைப்போல் 2 மடங்கு, 90-இல் 10 மடங்கு, 95-இல் 20 மடங்கு. இது வராத சிமுலேட்டரில் ஆறு கிளைகளை வைத்து என்ன பயன்?

ஆனால் உங்கள் நிஜ ட்ராஃபிக் அந்த மாதிரி சீராக வராது. அமெரிக்காவின் பெல்கோர் தொலைத்தொடர்பு ஆய்வகத்தில் 1989 முதல் 1992 வரை ஈதர்நெட் ட்ராஃபிக்கை அளந்து, நொடியில் பார்த்தாலும் மணியில் பார்த்தாலும் திடீர்க் குவியல்கள் அடங்குவதில்லை என்று காட்டி முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. இன்னும் பாய்ஸான் வருகையை (எம்/எம்/1-இல் உள்ள, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ரேண்டம் வருகை) மட்டும் வைத்து பஃபர் அளவைத் தீர்மானிக்கிறோம். வாடிக்கையாளரிடம் ஒரு வார ட்ராஃபிக் பதிவு கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள்.

மற்றவை சுருக்கமாக. தொடக்கத்தில் க்யூக்கள் காலியாக இருக்கும், அந்தப் பகுதியை வெட்டிவிட்டு அளவெடுங்கள். நகரும் கருவிகளுக்கு ரேண்டம் வேபாயின்ட் மாடலில் (ரேண்டமாக ஓர் இடத்தையும் வேகத்தையும் தேர்ந்து நகரும் மாடல்) குறைந்தபட்ச வேகத்தை 0 என்று வைக்காதீர்கள், நேரம் போகப்போகச் சராசரி வேகம் சரிந்துகொண்டே போகும், அது 2003-லேயே வெளியான விஷயம். சராசரியோடு 99-ஆவது சதமானத்தையும் (நூறில் 99 பாக்கெட்டுகள் அதற்குள் போய்ச் சேரும் டிலே) கொடுங்கள், போன் பேசுகிறவருக்கு உறைப்பது அதுதான். சிஸ்கோவின் பாக்கெட் ட்ரேசர் மென்பொருள் கான்ஃபிகரேஷன் பழக அருமையான கருவி, அதில் வரும் நேரங்களை டிசைன் ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள். ஒரே கணினிக்குள் ஒரு நெட்வொர்க்கை நிஜ நேரத்தில் ஓட்டும் மினிநெட்டில் ஓட்டினால் சிபியு எவ்வளவு ஓடியது என்று பாருங்கள், லேப்டாப் மூச்சுத்திணறினால் நீங்கள் அளப்பது லேப்டாப்பைத்தான்.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. இரண்டு நாளில் அறிக்கை வேண்டும் என்று யாரோ கழுத்தைப் பிடித்திருக்கிறார்கள். அவருடைய சிமுலேஷனில் 20 ரன்களும் ஓட ஒரு இரவு ஆனது. அந்த ஒரு இரவைக் கேட்டு வாங்குங்கள், தயங்காமல் கேளுங்கள். என்னிடம் அனுப்பும்போது ஸ்கிரிப்ட், சிமுலேட்டர் பதிப்பு எண், ரன் எண்கள், வெட்டிய தொடக்க நேரம் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள், நானும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.